முன்னாடி எங்க காட்டினீங்க?

போன மாதம் இளையவனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது நாம் எல்லாரும் சேர்ந்து டாக்டரிடம் போனோம். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இதுக்கு முன்னாடி எங்கயாவது காட்டினீங்களா?" நான் ஆரம்பித்தேன். ஆவடியில் யாரிடம் காட்டினோம், அங்கே கொடுத்த மாத்திரை என்ன நிறம், எந்த வேளை வாந்தி எடுத்தான், ஊசி எந்தக் கையில் போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். துணிப் பையைத் திறந்து பழைய சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பினேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வெளியே வந்ததும் மூத்தவள், "அவன் பொறந்த கதைதான்ப்பா பாக்கி, அதையும் சொல்லிட்டு வந்திருக்கலாம்" என்றாள். அம்மாவைத் தவிர எல்லாரும் சிரித்தீர்கள்.

அவன் பிறந்த கதையும் இதற்குள்தான் இருக்கிறது. அதே கேள்விக்கு ஒரு காலத்தில் ஒரே வார்த்தையில் பதில் சொன்னவன் நான். உங்கள் அம்மாவுக்கு அது தெரியும், அதனால்தான் அவள் சிரிக்கவில்லை. எட்டாவது வரை படித்தவன் எழுதுவது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் அத்தையை மூத்தவளுக்குக் கொஞ்சம் நினைவிருக்கலாம். என் கூடப்பிறந்த அக்கா. அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். பூந்தமல்லி ரோட்டில் பெங்களூர் லாரி ஏறிப் போனவன், போனவன்தான். அதற்குப் பிறகு அவள் என்னோடுதான் இருந்தாள். எங்கள் வீட்டில் எல்லாருமே குத்தம்பாக்கம் பக்கம் வயல் கூலிகள். அம்பத்தூரில் தொழிற்பேட்டை எஸ்டேட் வந்து கம்பெனிகள் எழும்ப ஆரம்பித்ததும் அக்கா சித்தாளாகப் போனாள். நான் லேத் ஓட்டின கம்பெனியின் சுவர்களுக்குக் கலவை சுமந்தவள் அவள். மேஸ்திரியைப் பிடித்து, மேஸ்திரி மூலம் சூபர்வைசரைப் பிடித்து, எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். கட்டடம் முடிந்ததும் நான் உள்ளே போனேன். அவள் அடுத்த கட்டடத்துக்குப் போனாள்.

உள்ளே போனவனுக்கு இன்சூரன்ஸ் கார்டு கிடைத்தது. உடம்புக்கு வந்தால் அம்பத்தூர் டிஸ்பென்சரியில் காட்டலாம். அங்கே முடியாவிட்டால் அவர்களே இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவார்கள். எனக்கும், என் பெண்டாட்டிக்கும், பிள்ளைகளுக்கும். கூடப்பிறந்தவளுக்கு அதில் இடம் இல்லை. சித்தாளுக்கு எந்தக் கார்டும் கிடையாது.

அப்போது நாம் திருநின்றவூரில் குடியிருந்தோம். மூத்தவளே, நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். ஒரு நாள் உன் அம்மா, நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அண்ணிக்கு மாருல கட்டி மாரி கீது. குளிக்கும்போது பாத்தேன். கேட்டா சாந்து சட்டி இடிச்சுகிச்சுன்றாங்க. எனக்கு இன்னாவோ நல்லா படல" என்றாள். நான் அக்காவிடம் எப்படிக் கேட்பது? தம்பி கேட்கிற விஷயமா அது? கம்பெனியில் பக்கத்து லேத்துக்காரரிடம் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மெஷினை நிறுத்தாமலே வழி சொன்னார்.

"இன்னா மாமே இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கிறே? கார்டுல மூஞ்சியா கீது? பேருதானே கீது! ஒன் ஊட்டம்மா பேர சொல்லி இட்டுகினு போ. அங்க எவன் வந்து பாக்கப் போறான்?"

கார்டில் படம் ஒட்டாத காலம் அது. அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தூ! தம்பி பொண்டாட்டின்னு சொல்லிகினு நிக்கச் சொல்றியா என்னை?" என்று திட்டினாள். உங்கள் அம்மாதான் சமாதானம் செய்தாள். "பேருதானே அண்ணி, என் பொடவைய கட்டிகினு போறதில்ல? அது மாரி நெனச்சுக்குங்க." அக்கா அவளிடம், "அப்ப ஒன் பொடவையும் குடுமே, பேருக்குப் பொருத்தமா இருக்கட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டிஸ்பென்சரி ஜன்னலில் குமாஸ்தா பெயரைக் கேட்டார். அக்கா உங்கள் அம்மாவின் பெயரைத் திக்காமல் சொன்னாள். "புருஷன் பேரு?" என்றார். அக்கா வாயை மூடிக்கொண்டாள். கைப்பிள்ளையிலிருந்து இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பியின் பெயரைப் புருஷன் பெயர் என்று எப்படிச் சொல்வாள்? அவர் திரும்பக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் குமாஸ்தா சிரித்துவிட்டார். "அடடா, சொல்லமாட்டியாம்மா? எங்க ஊட்லயும் இதே கதைதான், வாயத் தொறந்து எம்பேரச் சொல்லமாட்டா" என்று சொல்லி, கார்டைப் பார்த்து அவரே எழுதிக்கொண்டார். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற வழக்கம் எங்களைக் காப்பாற்றியது. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். அக்கா வழி முழுக்க எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

டிஸ்பென்சரி டாக்டர் தொட்டுப் பார்த்த உடனே இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார். அங்கேயும் இழுத்தடிக்கவில்லை. கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு முடிவு வாங்கப் போனோம். டாக்டர் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். புற்று. ஆனால் சீக்கிரம் வந்திருக்கிறீர்கள், உடனே ஆபரேஷன் செய்துவிட்டால் நல்லது. பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "புருஷன் கையெழுத்துப் போடணும்."

பேனாவை வாங்கினேன். அந்த நேரத்தில் என் மனசில் ஓடினதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் அம்மா அப்போது நாலு மாதம். முதல் பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய பாடு. அடுத்ததை ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதே கார்டில், இதே பெயரில், இதே ஆஸ்பத்திரிக்குத்தான் அவள் வர வேண்டும். மார்பை அறுத்த ஒரு பெண் ஐந்து மாதம் கழித்து இரண்டு மார்போடு பிரசவத்துக்கு வந்து நின்றால்? அது ஒன்று. இன்னொன்று, ஆபரேஷன் மேஜைமேலேயே அக்கா போய்விட்டால் அவர்கள் எழுதப்போவது உங்கள் அம்மாவின் சாவை. அதற்கும் மேலே, கார்டு போகும், வேலை போகும், போலீஸ் வரும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. "நாளைக்கு வந்து போடறேன் சார், ஊட்ல கலந்துக்கணும்" என்றேன். அவர் எழுந்து நின்று, "நாள் கடத்தாதீங்க" என்றார். அந்தக் கையெழுத்தைப் போட நான் திரும்பப் போகவில்லை.

பரிசோதனை முடிவு என் சட்டைப் பையில் இருந்தது. ரயிலில் அதைக் கிழிக்கப் போனபோது அக்கா கையை நீட்டினாள். "ஒடம்புல எடுத்த சதை என்னுது. காயிதம் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மடித்து வைத்துக்கொண்டாள்.

வீட்டில் உங்கள் அம்மா ஒரே பேச்சாகச் சொன்னாள். "பேரு குடுத்தவ நானு. நானே போயி டாக்டருகிட்ட உண்மைய சொல்றேன். எனக்கு இன்னா, நம்மூர்ல எவளும் பெத்துக்கலயா? மருத்துவச்சி வந்து பாக்கட்டும்." நான் அவளை அதட்டி உட்கார வைத்தேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்றேன். தெரியாதவன் நான்தான். யாரிடமும் கேட்டுப் பார்க்காமலே என்ன நடக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பிறகு அக்காவை அவளுடைய சொந்தப் பெயரில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கார்டு வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால் யார் யாரோ வந்திருந்தார்கள். முறை வந்து உள்ளே போனதும் இளம் டாக்டர் ஒருவர், களைப்பாக, ஆனால் மரியாதையாகக் கேட்டார். "முன்னாடி எங்க காட்டினீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் மடியில் அந்தக் காகிதம் இருப்பது எனக்குத் தெரியும்.

"இல்ல" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையால் அக்காவின் நோய் அன்றைக்குத்தான் பிறந்த நோய் ஆகிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ரத்தம் ஒரு நாள், எக்ஸ்ரே படம் ஒரு நாள். சதை எடுக்கத் தேதி கொடுத்து, அந்தத் தேதியில் டாக்டர் இல்லாமல், இன்னொரு தேதி. ஒரு ஜன்னலில் எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த ஜன்னலைத் தேடிப் போக வேண்டும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது மூடிவிடும். முதல் சில தடவை நான் லீவு போட்டுக் கூடப் போனேன். பிறகு சூபர்வைசர் முறைக்க ஆரம்பித்தார். அக்காவே சொல்லிவிட்டாள். "நீ வேலைக்குப் போ நைனா. ஊடு நடக்கணும். எனக்கு இன்னா, பட்டணம் தெரியாதா?" அவளுக்குப் பட்டணம் தெரியாது. காலை வண்டிக்குப் போய் இருட்டினபிறகு வருவாள். "இன்னாக்கா ஆச்சு?" என்றால், "அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்பாள். ஒருமுறை தப்பான வரிசையில் பகல் முழுக்க நின்று, கண்ணாடி போடுகிற இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரித்தாள். "கண்ணு சோக்கா கீதாம் எனக்கு! டாக்டரே சொல்லிட்டாரு."

அங்கே இருந்தவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். மருந்துக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. டிஸ்பென்சரியிலும் கேட்கவில்லை, இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாசலுக்குள்ளும் எல்லாம் இலவசம்தான். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போகிற வழிதான் நம்முடையது. அந்த வழியில் போனது அக்காவின் கூலி, என் லீவு, உங்கள் அம்மாவின் தூக்கம். எல்லாவற்றையும்விட அக்காவிடம் இருந்த நாட்கள். இன்னொன்றும் பின்னால்தான் தோன்றியது. ஒரே கட்டிக்கு அரசாங்கம் இரண்டு தடவை சதை எடுத்து, இரண்டு தடவை பார்த்தது. அந்த இரண்டாவது தடவையில் அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்த ஏதோ ஒரு பெண்ணின் முறை தள்ளிப் போயிருக்கும். அவள் யாரோ. அவளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன்.

பொங்கல் தாண்டி, மாசியும் பாதி போனபிறகு ஆபரேஷன் நடந்தது. அதற்குள் அக்குளில் நெறி கட்டியிருந்தது. வலது பக்கம் முழுக்க எடுத்துவிட்டு, "இனிமே கரண்டு வைக்கணும், அதுக்குத் தனி ஆஸ்பத்திரி" என்று எழுதி அனுப்பினார்கள். கரண்டு என்று நாங்கள் சொல்கிற கதிர் வைத்தியத்துக்கு, புற்றுநோய்க்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரி அது. நாங்கள் ஏறிய நாலாவது படி.

அங்கே இருந்தது ஒரு வயதான லேடி டாக்டர். சீட்டைப் படித்துவிட்டு அவரும் அதையே கேட்டார். "இதுக்கு முன்னாடி எங்க காட்டினீங்க?" நான் பெரிய ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னேன். "அதுக்கும் முன்னாடி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

"இதுல கீற பேரு என்னுது இல்லம்மா. எந்தம்பி பொண்டாட்டி பேரு. ஆனா சதை என்னுது. இவன் சின்னப் பையம்மா, பயந்துட்டான். இவன ஒண்ணும் பண்ணிடாதீங்க."

எனக்கு மீசை முளைத்து, கல்யாணமாகி, இரண்டாவது பிள்ளை வரப்போகிறது. சின்னப் பையன்!

டாக்டர் தேதியைப் பார்த்தார். ஐப்பசி. பிறகு மறுபடி பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் பேசினார். "பேர் மாறிப் போச்சு, அவ்வளவுதானே? நோய் மாறலையே. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட இதைச் சொல்லியிருந்தா, ஒரு வரி எழுதிக் கேட்டிருப்பாரு, இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிலேந்து எல்லா விவரத்தையும் அனுப்பியிருப்பாங்க. நாங்க தினம் இதானே பண்றோம்." சொல்லிக்கொண்டே ஒரு தாளை எடுத்து அந்த ஒரு வரியை எழுதி, கையெழுத்துப் போட்டு, பியூனிடம் கொடுத்தார். எழுதி முடிக்க அவருக்கு மூக்குக் கண்ணாடியைச் சரி செய்கிற நேரம்கூட ஆகவில்லை.

போலீஸ் வரவில்லை. கார்டு போகவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமோ என்னமோ, எனக்குத் தெரியாது. போகாமலும் இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு இரும்புத் துண்டு உள்ளே வந்தால் அதோடு ஒரு அட்டையைக் கட்டி அனுப்புவார்கள். நான் லேத்தில் என்ன கடைந்தேன், எவ்வளவு எடுத்தேன் என்று அதில் குறிப்பேன். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் துளை போடுவார், அவருடைய குறிப்பைப் பார்த்து அதற்கடுத்தவர் தேய்ப்பார். அட்டை அறுந்து போன துண்டை ஒருவரும் தொடமாட்டார்கள். திரும்ப முதலிலிருந்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பையில் போட வேண்டும். ஒரு தடவை நான் கவனிக்காமல் அட்டையை அறுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கினேன். இரும்புக்கு அத்தனை பொறுப்பாக இருந்தவன், அக்காவின் அட்டையை நானே அறுத்துவிட்டு "இல்ல" என்றேன்.

கரண்டு வைத்தபிறகு அக்கா தேறினாள் என்றுதான் நினைத்தோம். இளையவன் பிறந்தான், அதே இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில். கஷ்டமான பிரசவம்தான், ஆனால் தாயும் பிள்ளையும் நன்றாக வந்தார்கள். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. பார்க்க வந்த அக்கா வார்டில் நின்றுகொண்டு, "இன்னாமே, ஒம்பேர ஒங்கிட்டயே குடுத்துட்டேன், பத்திரமா வச்சுக்கினியா? நல்லவேள, ஒம்பேர்ல செத்துத் தொலைக்காம இருந்தேன்" என்றாள். உங்கள் அம்மா அழுதுவிட்டாள். நான் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவளுடைய வலது கை வீங்க ஆரம்பித்தது. வளையல் ஏறவில்லை. சட்டி தூக்க முடியவில்லை, வேலை போயிற்று. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மூத்தவளே, ஒரு நாள் அவள் இடது கையால் உனக்குச் சோறு ஊட்ட வந்தபோது, அது கூடாத கை என்று நீ தட்டை நகர்த்திவிட்டாய். உன்மேல் தப்பில்லை, நாங்கள்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இளையவனிடம் போனாள். அவனுக்கு எந்தக் கை என்று தெரியாது. அவள் இடது கையால் ஊட்டினாள், அவன் தின்றான். அவனும் அதே கையால் எடுத்துத் தின்னப் பழகினான். அவன் நடக்க ஆரம்பித்து, ஓட ஆரம்பித்தபோது, நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு கரண்டும் கேட்கவில்லை. தன் பெயரிலேயே போனாள்.

இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் சீக்கிரம் வந்திருக்கிறீர்கள் என்று சொன்னது ஐப்பசியில். அப்போதே செய்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. இந்தக் கேள்வியை மட்டும் என்னால் எந்த வாசலிலும் கேட்க முடியவில்லை.

இளையவன் இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறான். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் பார்க்கிறார்கள். பெரியவர்கள் என்னிடம், "இன்னாப்பா, பையன அதட்டித் திருத்த மாட்டியா?" என்கிறார்கள். உங்கள் அம்மா என்னைப் பார்க்கிறாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.